நாற்பத்தெட்டு கிலோ தங்கபுஷ்பம்

எங்கள் கடைத் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் என் அம்மா அதன்மேல் ஏறி நிற்பாள். நாற்பத்தெட்டு காட்டினால் தராசு சரி. நாற்பத்தெட்டரை காட்டினாலும் தராசு சரிதான், அம்மாதான் தப்பு. அன்றைக்கு அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். என் விளையாட்டு வேறு மாதிரி இருக்கும். மூட்டை தூக்குகிற பிச்சையா அண்ணாச்சி தூங்கும்போது அவர் செருப்பு இரண்டையும் சணலால் சேர்த்துக் கட்டிவிட்டு, “அண்ணாச்சி, லாரி வந்துட்டு!” என்று கத்துவது விளையாட்டு. இது எங்கள் வீட்டு நடைமுறை.

அம்மா பெயர் தங்கபுஷ்பம். வயது ஐம்பத்தைந்து. தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் எங்கள் பலசரக்குக் கடை இருக்கிறது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணிகளுக்கு அரிசி, பருப்பு, வெங்காயம், மிளகாய் வற்றல் எல்லாம் எங்களிடம்தான் எடுப்பார்கள். அப்பா வீரபாகு இப்போது சென்னையில் பெரியப்பாவோடு சேர்ந்து இன்னொரு கடை பார்க்கிறார். போனில் மட்டும் குடும்பம் நடத்துகிற மனிதர். நான் பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆக, அம்மாவிடம் மாட்டிக்கொண்டிருப்பது நான் ஒருத்திதான்.

இந்தத் தராசுப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு தோணியின் தண்டல், அதாவது தோணியை ஓட்டிப் போகிற தலைவர், “உங்க தராசுல அடி இருக்கு, எட கொறையுது” என்று ரோட்டில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். அம்மா தராசில் ஏறி நின்றாள். நாற்பத்தெட்டு. இறங்கி நேரே எதிர்க்கடைக்குப் போய் அங்கே ஏறினாள். நாற்பத்தெட்டு. பிறகு மஞ்சள் மண்டிக்குப் போய் அங்கும் ஏறினாள். அதற்குள் பின்னால் ஒரு கூட்டமே வந்திருக்கிறது. மண்டியிலும் நாற்பத்தெட்டு. தண்டல் அரிசியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முதல் அம்மாதான் எங்கள் கடையின் படிக்கல். அரசாங்கம் வருஷத்துக்கு ஒருமுறை வந்து முத்திரை போடும். அம்மா தினமும் போடுவாள். “தங்கபுஷ்பம் ஏறுன தராசு” என்றால் தோணிக்காரர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். நான் வயிற்றில் இருந்த மாதங்களில் மட்டும் இந்த ஏற்பாடு நின்றுபோனதாம். இன்றைக்கும் அதை நான் செய்த குற்றமாகத்தான் சொல்வாள்.

அப்போதெல்லாம் அவள் உடம்பு வேறு. பிறந்தது உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டில். சிறுமியாகப் பதநீர்க் குடம் சுமந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபிறகு அப்பா ஒரு முனை, அவள் ஒரு முனை என்று மூட்டை பிடித்துத் தூக்கியவள். சர்க்கரை மூட்டையை இடுப்பால் தள்ளியே மூலைக்குக் கொண்டுபோவாளாம். அப்பா சென்னைக்குப் போனதும் பிச்சையா அண்ணாச்சியை வேலைக்கு வைத்தோம். அம்மா கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மாதவிடாயும் நின்றது. “விட்டுது சனியன்” என்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். எதற்கு லட்டு என்று பிச்சையா அண்ணாச்சி கேட்டதற்கு, “எங்கனயோ ஒரு தோணி நல்லபடியா வந்து சேந்துட்டு” என்றாள்.

அதன்பிறகு ஜாக்கெட் அளவு மாற ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் தையல்காரியிடம், “கையப் பிடிச்சுத் தை, இடுப்புல விடு” என்பாள். கை மெலிந்துகொண்டே போனது, வயிறு வந்துகொண்டே இருந்தது. தராசில் மட்டும் அதே நாற்பத்தெட்டு. ஏனென்றால் வயிறு வந்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறைத்தாள். முதலில் மீன் போனது. பிறகு முட்டை போனது. பிறகு ராத்திரிச் சோறு. கடைசியில் ஒரு வாய் வறட்டு பிஸ்கட்டும் கருப்பட்டிக் காப்பியும்.

“எம்மா, ஒரு சாளை மீனாவது தின்னேன்” என்பேன்.

“நீ தின்னுளா. எனக்கு நாளைக்குத் தராசு ஏறணும்.”

உலகத்தில் எந்தப் பெண்ணாவது இப்படி ஒரு பதில் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

போன ஆண்டு மழைக்காலத்தில் கடை வாசலில் வெங்காயச் சருகில் வழுக்கினாள். விழுந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. உட்காரப் போனவள் மாதிரி மெல்லச் சரிந்து ஒரு கையை ஊன்றினாள், அவ்வளவுதான். முறுக்கு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். மணிக்கட்டு தொங்கிவிட்டது. நான் “ஆட்டோ, ஆட்டோ” என்று கத்தினேன். அம்மாவோ, “ஏளா, வெங்காயத்த யாரு இங்கன கொட்டுனது?” என்று விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள்.

மாவுக்கட்டுப் போட்ட டாக்டரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, “இந்தக் கட்டு எத்தன கிராம் இருக்கும்?” அவருக்குத் தெரியவில்லை. “என்ன படிச்சு என்ன” என்று ஆட்டோவில் வரும்போது சலித்துக்கொண்டாள். கட்டை வெட்டி எடுத்த அன்று அதைக் கையோடு கொண்டுவந்து, மிளகு நிறுக்கிற சின்னத் தராசில் வைத்துப் பார்த்தபிறகுதான் அவளுக்கு நிம்மதி வந்தது. கட்டோடு ஏறி நின்ற நாட்களின் எடையெல்லாம் அப்போதுதான் சரிக்கட்டப்பட்டது.

இவ்வளவு லேசாக விழுந்ததற்குக் கை ஒடியக் கூடாது என்று சொல்லி, எலும்பு அடர்த்தி பார்க்கிற ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த முடிவோடு டாக்டர் ஷெர்லியைப் பார்க்கப் போனோம். புன்னைக்காயல்காரர். சிரித்துக்கொண்டே திட்டுகிறவர்.

“எலும்பு இத்துப் போயிருக்கும்மா. இது வலு இழந்த எலும்பு. இப்ப கையோட போச்சு. இப்படியே விட்டா அடுத்தது இடுப்பு. இடுப்பு போச்சுன்னா படுக்கைதான்.”

“எப்படி டாக்டர்? எனக்கு எட மாறவே இல்லயே. இருவது வருசமா நாப்பத்தெட்டு” என்றாள் அம்மா, பரிசு வாங்கப் போகிற குரலில்.

“எடை மாறலைங்க. உள்ள இருக்கது மாறிட்டு. மாதவிடாய் நின்னதும் எலும்பு வேகமாத் தேயும், அது எல்லாத்துக்கும் உள்ளது. நீங்க கூடவே பட்டினி கெடந்து, வேலையும் செய்யாம உக்காந்து, இருந்த சதையையும் கரைச்சிட்டீங்க. அந்த எடத்துல வயித்துக் கொழுப்பு வந்து உக்காந்துட்டு. எலும்பப் பிடிச்சு இழுத்து வேல வாங்குறது சதைதாம்மா. அந்த இழுவை இருந்தாத்தான் எலும்பு கெட்டியா இருக்கும். வயித்துல தொங்குற கொழுப்பு அந்த வேலையப் பாக்காது.”

“அப்ப வயித்தக் கொறைக்க இன்னும் கொஞ்சம் சாப்பாட்டக் கொறைக்கவா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“பட்டினி கெடந்து எடையக் கொறைச்சா எலும்பும் சேந்துதாம்மா கொறையும்! மீன், முட்டை, பயறு, பால் சாப்பிடணும். கை கால் வேல செய்யணும். வாரம் ஒரு மாத்திர. சதை ஏறுனா ஒண்ணு ரெண்டு கிலோ கூடும். கூடட்டும், நல்லதுதான்.”

வெளியே வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்தாள். “கேட்டியாளா? என்னைய ரெண்டு கிலோ ஏறச் சொல்லுதா! அப்ப தராச என்ன பண்ண?”

இடுப்பு ஒடியும் என்கிறார்கள். இவள் தராசு என்கிறாள். அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. நான் அழுகிற ஆள் இல்லை. அதனால் யோசித்தேன்.

சாப்பாட்டை நேரடியாகக் கொடுத்தால் தின்னமாட்டாள். அதனால் தோசை மாவில் உளுந்தை இரட்டிப்பாகப் போட்டேன். சாம்பாரில் பாசிப்பயறை மசித்துக் கரைத்தேன். நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்து, மிளகாய்ப் பொடியில் கலந்தேன். விரத நாளில் மட்டும் அந்த டப்பாவை ஒளித்து வைத்தேன். பாவம் எனக்கு வேண்டாம். “ஏளா, பொடி நல்லாருக்கே, எங்கன வாங்குன?” என்று கேட்டுக் கேட்டுத் தின்றாள். கொஞ்ச நாளில் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கூடவே தராசில் நாற்பத்தொன்பதும் வந்துவிடும் போல இருந்தது. வந்தால் மறுபடி பிஸ்கட்டுக்குப் போய்விடுவாள்.

அதற்கும் ஒரு வழி செய்தேன். அவள் வருவதற்கு முன் தராசுப் பலகையின் பின் ஓரத்தில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்து, பொத்தானை அமுக்கி எண்ணைப் பூஜ்ஜியம் ஆக்கிவிடுவேன். அவள் ஏறி, முன்பக்க எண் ஓடி நிலைக்கும் முன்னால், பின்னால் நின்று கால் விரலால் பாக்கெட்டை மெல்ல இழுத்துக் கீழே தள்ளிவிடுவேன். எண் ஒரு கிலோ இறங்கும். நாற்பத்தெட்டு! அவள் இறங்கியதும் “தூசி, தூசி” என்று துடைக்கிற சாக்கில் மறுபடி பூஜ்ஜியம் போட்டுவிடுவேன். தராசுக்கும் கெடுதல் இல்லை, வாங்குகிறவருக்கும் நஷ்டம் இல்லை. அம்மா மட்டும்தான் ஏமாறுவாள், அதுவும் அவள் நன்மைக்கு.

சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பாக்கெட் பலகையின் ஆணியில் மாட்டிக் கிழிந்தது. உப்பு சரசரவென்று அம்மாவின் குதிகாலில் கொட்டியது.

திரும்பிப் பார்த்தாள். உப்பைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள். வியாபாரிக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

“எத்தன நாளாளா?”

“கொஞ்ச நாளா.”

“அப்ப நான் இப்ப எத்தன?”

“நாப்பத்தொம்பது.”

“சவத்து மூதி! இத்தன நாளா பொய்ப் படிக்கல்லா ஏறி நின்னுருக்கேனே! அம்புட்டுத் தோணிக்காரங்களுக்கும் ‘தராசு சரி’ன்னு என் வாயால சொல்லிருக்கேனே!”

“தராசு சரியாத்தான இருந்துச்சு!”

“அது தராசு செஞ்ச புண்ணியம். நான் சரியில்லையே!”

காலை முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. டீ கொண்டுபோய் வைத்தேன், ஆறிப் போனது. பிச்சையா அண்ணாச்சி என்னிடம் வந்து, “நீ என் செருப்போட நிறுத்திருக்கலாம்” என்றார்.

மத்தியானம் துவரம்பருப்பு லாரி வந்தது. அம்மா எழுந்து குத்தூசியை எடுத்தாள். மூட்டையைப் பிரிக்காமலே குத்தி, உள்ளே இருப்பதில் ஒரு பிடி எடுத்துப் பார்க்கிற கூர்க்கம்பி அது. குத்தினாள். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். பல்லில் கடித்தாள். துப்பினாள்.

“பழைய பருப்பு. வண்டு தின்னது பாதி. எடுத்துட்டுப் போ.”

லாரிக்காரர் விடவில்லை. “அக்கா, தராசுல வச்சுப் பாருங்க. எட கிராம் கொறையாது.”

“எடைய வச்சு நாக்கு வழிக்கவா? உள்ள சரக்கு இல்லயே!”

எனக்குள் என்னவோ அறுந்தது. கடை என்று பார்க்கவில்லை, ஆள் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

“எம்மா! இதத்தான அந்த டாக்டர் தொண்டத்தண்ணி வத்தச் சொன்னா! நீயும் இந்த மூட்டைதான்! நாப்பத்தெட்டு கிலோ சரியா இருக்கு, உள்ள சரக்கு இல்ல! யாரோ ஒருத்தன் மூட்டன்னா குத்திப் பாத்துத் திருப்பி அனுப்புத. உன் மூட்டைய மட்டும் எடையப் பாத்தே பெருமையடிக்க!”

லாரிக்காரர் மூட்டையை எடுத்துக்கொண்டு மெதுவாக நழுவினார். பிச்சையா அண்ணாச்சிக்குத் திடீரென்று சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் வேலை வந்துவிட்டது.

அம்மா குத்தூசியைச் சாக்கில் துடைத்து ஆணியில் மாட்டினாள். “அப்ப தராச எப்படிளா சோதிக்க?” என்றாள். பழைய அதிகாரம் குரலில் இல்லை.

“ஊருல எல்லாரும் எப்படிச் சோதிக்கான்? இரும்புப் படிக்கல்லு வாங்கு.”

“இரும்பா? இந்த உப்புக்காத்துல துரு ஏறித் தேஞ்சு போயிரும்ளா. நான் தேயமாட்டேன்.”

“நீதான்மா தேஞ்சுட்ட!” என்றேன். சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. அசிங்கமாகப் போய்விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, குத்தூசியிலிருந்து சிந்திக் கிடந்த பருப்பைப் பொறுக்குகிற மாதிரிக் குனிந்தேன். “நீ படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்? அப்பா போன்ல வந்து உன்னத் தூக்கி வைப்பாராக்கும்?”

பக்கத்தில் வந்து அவளும் குந்த முயன்று, முடியாமல், கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “மூக்கத் தொடச்சிட்டுப் பருப்பப் பொறுக்கு. சரக்குல படப்போகுது” என்றாள். எங்கள் வீட்டில் சமாதானம் இந்த லட்சணத்தில்தான் நடக்கும்.

மறுநாள் முத்திரை போட்ட ஐந்து கிலோ படிக்கற்கள் வந்து இறங்கின. பிச்சையா அண்ணாச்சி தராசில் வைக்கப் போனார். அம்மா தடுத்தாள்.

“தொடாத. இனி இந்தக் கடையில தராசு விசயத்துல ஒருத்தரையும் நான் நம்பத் தயாரில்ல. நானே வைப்பேன்.”

இது நான் யோசிக்காத திருப்பம். உள்ளே போய் டாக்டர் ஷெர்லிக்குப் போன் போட்டேன். “கை நல்லா கூடிட்டு, தூக்கலாம். ஆனா தரையிலருந்து குனிஞ்சு எடுக்கக் கூடாது. இடுப்பு உயரத்துல வச்சுக்கிட்டு, முதுகு வளையாம, ரெண்டு கையாலயும். மொதல்ல ஒண்ணு ரெண்டு போதும்” என்றார். கற்களை அடுக்க ஒரு பெஞ்சையும், தராசுக்கு அடியில் ஒரு மேடையையும் போட்டேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். “துரு ஏறாம இருக்க” என்றேன்.

முதல் வாரம் இரண்டு கல்லோடு மூச்சு வாங்கியது. “பத்து கிலோ சரின்னா நூறும் சரியாத்தான் இருக்கும்” என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். பிறகு மூன்று. பிறகு நான்கு. ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதும், ஒவ்வொன்றாகத் திருப்பி எடுப்பதும். இது தேகப்பயிற்சி என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றோடு நிறுத்திவிடுவாள் என்பதால் நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு செய்த ஒரே காரியம் இதுதான்.

வாராந்திர மாத்திரைக்கு மட்டும் இன்னும் ரகளை. வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, எதுவும் தின்னவும் கூடாது. “காப்பி இல்லாம எப்படிளா உக்காந்திருக்க? எனக்கு என்ன தண்டனையா?” என்று அந்த அரை மணி நேரமும் என்னைத் திட்டித் தீர்ப்பாள். திட்டட்டும். படுக்காமல் இருந்தால் சரி.

எலும்பு தேறியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஸ்கேன் வரும்போதுதான் தெரியும். போன சஷ்டி அன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று விரதம் என்று காலையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பாலாவது குடி என்றேன். “முருகனுக்கு முன்னால உன் டாக்டர் எம்மாத்திரம்?” என்றாள். தராசடிக்குப் போனாள். முதல் கல்லை வைத்தாள். இரண்டாவதைத் தூக்கும்போது கை நடுங்கியது. நான் பக்கத்தில் போனேன். “தள்ளிப் போளா!” என்று கத்தினாள். கல்லைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு, அதை முறைத்துப் பார்த்தாள். ஏதோ அந்தக் கல்தான் அவளை ஏமாற்றிவிட்ட மாதிரி.

வாசலில் ஒரு தண்டல் காத்துக்கொண்டிருந்தார். “என்னக்கா, இன்னைக்குத் தராசு சோதிக்கலயா?”

“இருங்க அண்ணாச்சி, வாரேன்.”

கடைக்குப் பின்பக்கம் இருக்கிற அடுப்படிக்குப் போனாள். நானும் போனேன். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னாள்: “வெறும் வயித்துல தூக்க முடியலளா, சவம்! தோச ஊத்து. ரெண்டு. பயறு சாம்பார் இருக்கா?”

இருந்தது. நின்றுகொண்டே தின்றாள். பால் கொடுத்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டுக் கடைக்குள் போனவள், வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“நாளைக்கு முட்ட வாங்கி வை. இன்னைக்கு வேண்டாம், சஷ்டி.”